குளக்கட்டில் நின்று பெருவிண்மீன்களின் பிறப்பைப் படிப்பது எப்படி

மாரி மழை ஓய்ந்து, காலபோக வயல்கள் கதிர் முற்றி மஞ்சளாகும் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் வன்னியின் இரவு வானம் நன்றாகத் தெளிந்திருக்கும். அந்த நாட்களில் மாலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே தலைக்கு மேலே வந்து நிற்கும் ஓரியன் உடுத்தொகுதியின் நடுவில், பெருவிண்மீன்கள் பிறக்கும் இடங்களுள் நமக்கு மிக அருகிலுள்ளது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அதை எப்படிப் பார்ப்பது, பார்த்ததிலிருந்து எந்த ஒழுங்கில் கேள்விகளை எழுப்புவது, அவற்றுக்கு இன்றைய வானியல் எதுவரை விடை சொல்கிறது என்பவற்றை, உயர்தர வகுப்புப் பௌதிகவியல் மாணவர்களைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று பழகிய ஒருவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஒரு முகில் தன் ஈர்ப்பினால் சுருங்குகிறது, நடுப்பகுதி சூடேறுகிறது, ஐதரசன் இணையத் தொடங்குகிறது, சூரியன் பிறக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டு, பெரிய விண்மீன்களும் இப்படித்தான், முகில் மட்டும் சற்றுப் பெரியது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரி பிழையானது. சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீனையே பெருவிண்மீன் என்கிறோம். அதன் பிறப்பைத் தனியொரு விண்மீனின் கதையாகச் சொல்லாமல், ஒரு நெருக்கமான கூட்டத்தின் கதையாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

இடமும் நாளும்

கிளிநொச்சி நகருக்குள் ஏ9 வீதி விளக்குகள் வானத்தின் அரைவாசியைக் கழுவிவிடுகின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களின் கட்டுகள் இருட்டாகவும் உயரமாகவும் இருப்பதால் அவையே சிறந்தவை. காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆட்கள் நடந்து பழகிய கட்டையும் பாதையையும் விட்டு இருட்டில் இறங்காதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தின் பக்கமே போக வேண்டாம் என்பதை வன்னியில் பிறந்தவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியிலிருந்து வரும் உறவினருக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். அலியன் யானை திரியும் பக்கமானால் வேறு குளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிலவில்லாத இரவு வேண்டும். மாசி மாதத்துச் சிவராத்திரி அமாவாசைக்கு முந்திய இரவாதலால் நிலவு விடியப்போகும் வேளையில்தான் எழும். விழித்திருப்பதென்று முடிவு செய்தவருக்கு முதற்சாமம் இந்த வேலைக்கே அமைந்தது போல் இருக்கும்.

பத்து மடங்கு உருப்பெருக்கமும் 50 மில்லிமீற்றர் வில்லையும் உடைய ஒரு பைனாகுலர், இயலுமானால் 60 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு சிறிய தொலைநோக்கி, ஒரு பாய், ஒரு குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். திருவிழாச் சோடனைக்கு வாங்கும் சிவப்பு ரிசுத் தாளை ரோச் லைற்றின் முகத்தில் இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டால், எழுதுவதற்கு வெளிச்சமும் கிடைக்கும், கண்ணின் இருட்டுப் பழக்கமும் கெடாது.

வாளைக் கண்டுபிடித்தல்

நம் நட்சத்திர வரிசை தெரிந்தவருக்கு வழி கேட்க வேண்டியதில்லை. கார்த்திகை முதலில் ஏறும், பின்னால் ரோகிணி, அதன் பின்னால் மிருகசீரிடம், அதற்கடுத்துச் செம்மையாகத் திருவாதிரை. திருவாதிரைக்குத் தெற்கே, ஒரே நேர்கோட்டில் ஏறத்தாழ ஒரே ஒளியுடன் நிற்கும் மூன்று விண்மீன்கள், ஓரியன் என்னும் வேடனின் இடைக்கச்சை. கையை நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் பத்துப் பாகை. கச்சையிலிருந்து தெற்கே அரை முட்டி தூரத்தில், மங்கலான ஒரு சிறு வரிசை இருக்கும். அதுதான் வாள். கிழக்கே பார்த்து நிற்கும்போது வாள் கச்சைக்கு வலப்பக்கம் கிடக்கும்.

வாளின் நடுவில் உள்ள புள்ளி, மற்றவற்றைப் போல் கூர்மையாக இல்லாமல், பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்குப் போல் மங்கிப் பரந்திருக்கும். வாயுவும் தூசும் கலந்து ஒளிரும் இந்த முகிலே ஓரியன் நெபுலா. பெப்ரவரித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவிலும், பதினைந்து நாள் கழித்து எட்டு மணியளவிலும் அது உச்சத்தைக் கடக்கும். கிளிநொச்சியிலிருந்து அப்போது அதன் உயரம் ஏறத்தாழ 75 பாகை. எனவே பாயில் மல்லாந்து படுத்தே பார்க்க வேண்டும்.

நான் முதன்முறை மாணவரை அழைத்துச் சென்றபோது செய்த பிழையை இங்கே சொல்லவேண்டும். உச்ச நேரத்தில் தொலைநோக்கியை நெபுலாவுக்குத் திருப்பி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பார்க்கவிட்டேன். எல்லாருக்கும் கழுத்து வலித்தது. "புகை மாதிரி இருக்குது சேர்" என்று பதினெட்டுப் பேரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். புகையைப் பார்த்தவர் ஒருவரும் அதற்குள் இருந்த விண்மீன்களை எண்ணவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து, எண்ணிக்கை எழுதாதவருக்கு இரண்டாம் தடவை பார்க்க இடமில்லை என்று விதி வைத்தேன். உச்சத்துக்கு இரண்டு மணிநேரம் முன்போ பின்போ பார்த்தால் கழுத்தும் தப்பும்.

எண்ணுங்கள், அளவிடுங்கள்

பைனாகுலரில் நெபுலாவின் நடுவே ஒரு விண்மீனும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் தெரியும். முதலாவதைத் தொலைநோக்கியில் ஐம்பது மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். அது நான்காகப் பிரியும். நான்கும் ஒரு சரிவகத்தின் மூலைகளில் நிற்பதால் இதைச் சரிவகக் கொத்து என்பர். 1617இல் கலிலியோ தன் தொலைநோக்கியால் இவற்றுள் மூன்றைக் கண்டு வரைந்து வைத்தார். மாணவர் நான்காவதைக் கண்டால், கலிலியோவை ஒன்றால் வென்றுவிட்டார்கள் என்று நான் சொல்வதுண்டு; அந்த ஒரு வார்த்தைக்காகவே பொறுமையாகப் பார்ப்பார்கள்.

இனி அளவு. சரிவகத்தின் அதிக அகலம் ஏறத்தாழ 20 விகலை. பஞ்சாங்கத்தில் வரும் அதே விகலைதான், ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. நெபுலாவின் தூரம் ஏறத்தாழ 400 பார்செக், அதாவது 1,300 ஒளியாண்டுக்குச் சற்று மேல். ஒரு பார்செக் தூரத்தில் ஒரு விகலை என்பது ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தூரம்) என்பதால், இரண்டையும் பெருக்கினால் போதும்: 8,000 வானியல் அலகு. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனோ ஏறத்தாழ 2,68,000 வானியல் அலகு தூரத்தில் இருக்கிறது. இந்தத் தூரத்தைக் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடைப்பட்ட தூரமாக வைத்துக்கொண்டால், சரிவகத்தின் நான்கும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பெருக்கலைக் கட்டிலேயே, சிவப்பு வெளிச்சத்தில், ஒவ்வொருவரும் தம் கையால் செய்ய வேண்டும். பின்வருவன எல்லாம் இதன்மீதுதான் நிற்கின்றன.

நாம் காணும் நான்கும் கூட்டத்தின் தலைகள் மட்டுமே. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் அந்த இடத்தைச் சுற்றி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இளம் விண்மீன்கள் இருப்பது தெரிகிறது; அவற்றின் அகவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மில்லியன் ஆண்டுகள். மையத்தில் ஒரு கன பார்செக்குக்கு ஏறத்தாழ 20,000 விண்மீன்கள் நெருங்கியிருக்கின்றன. சூரியனின் சுற்றுப்புறத்தில் அதே கன அளவைப் பத்து மடங்கு பெருக்கினால்தான் ஒன்று கிடைக்கும். நான்கினுள் மிக ஒளிர்ந்ததான 'சீ' என்ற விண்மீன் முப்பது சூரியத் திணிவுக்கு மேற்பட்டது. சூரியனைப் போல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மடங்கு ஒளியுடையது. நெபுலா முழுவதும் ஒளிர்வதற்கு அதன் புறஊதாக் கதிரே பெருங்காரணம். அதுவும் தனியன் அல்லன். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு பெருந்துணை அதற்கு உண்டு. 'பீ' என்று குறிக்கப்படுவது ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும், அது குறைந்தது ஐந்து விண்மீன்கள் கொண்ட ஒரு சிறு குடும்பம்.

குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பெரியவை மிகச் சில. பெரியவை நடுவில் நிற்கின்றன. முதல் வரி இந்தக் கொத்துக்கு மட்டும் உரியதன்று. 1955இல் எட்வின் சால்பீற்றர் விண்மீன்களின் பிறப்புத் திணிவுப் பரவலைக் கணித்து, திணிவு கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று காட்டினார். இரண்டாம் வரிதான் வில்லங்கமானது.

முதற் கேள்வி: இவ்வளவு திணிவு எப்படி நேரத்துக்குச் சேர்ந்தது?

பத்துக் கெல்வின் வெப்பநிலையில் அமைதியாகக் கிடக்கும் ஒரு முகிற்கரு, அதாவது முகிலுக்குள் அடர்ந்த ஒரு கட்டி, தன் ஈர்ப்பினால் உள்விழும்போது, அதன் வீழ்ச்சி வேகத்தை வாயுவின் ஒலி வேகம் தீர்மானிக்கிறது. ஒலி வேகத்தின் மூன்றாம் படியை ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சூரியத் திணிவின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு கிடைக்கும். சூரியனுக்கு இது போதும்; ஐந்து இலட்சம் ஆண்டில் வேலை முடியும். இருபது சூரியத் திணிவு வேண்டுமானால் ஒரு கோடி ஆண்டு ஆகும். ஆனால் இருபது சூரியத் திணிவுள்ள விண்மீனின் முழு ஆயுளே அதைவிடக் குறைவு. பிறந்து முடியுமுன் இறந்துவிடும் பிள்ளை என்று என் மாணவி ஒருத்தி சொன்னாள். கணக்கும் அதையேதான் சொல்கிறது.

ஆகவே திணிவு நூறு மடங்கு விரைவாக வந்து சேரவேண்டும்: ஆண்டுக்கு ஒரு சூரியத் திணிவின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில வேளை ஆயிரத்தில் ஒரு பங்கு. அளவீடுகளும் அதைத்தான் காட்டுகின்றன. அமைதியான குளிர் முகிலால் இது முடியாது. அமுக்கம் மிகுந்த, கொந்தளிக்கும், அடர்ந்த இடம் வேண்டும். கொத்துகள் பிறக்கும் இடங்களே அத்தகைய இடங்கள் என்பதை இந்தக் கட்டத்தில் மாணவர் தாமாகவே சொல்ல விடுங்கள்.

இதனோடு ஒட்டிய இன்னொரு செய்தி. சூரியன் மெல்லச் சுருங்கி ஐதரசன் இணைவை நிலைப்படுத்தப் பல பத்து மில்லியன் ஆண்டுகள் எடுத்தது. பெருவிண்மீன் அதைச் சில பத்தாயிரம் ஆண்டுகளில் முடித்துவிடுகிறது. அதாவது, வாயு இன்னும் மேலே விழுந்துகொண்டிருக்கும்போதே உள்ளே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பெருவிண்மீனின் குழந்தைப் பருவத்தைக் கண்ணால் காணமுடிவதில்லை; அது முழுவதும் தூசுக்குள் நடந்து முடிகிறது. அகச்சிவப்பு, வானொலி அலைகள்தான் உள்ளே போகும் வழி. நாம் பார்த்த சரிவகத்துக்குப் பின்புறத்து முகிலுக்குள் அப்படியொரு பொருளை 1967இல் பெக்லினும் நொய்கெபவரும் அகச்சிவப்பில் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியானாலும் கண்ணை வைத்துப் பார்த்தால் அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

இரண்டாம் கேள்வி: தன் ஒளியே தன்னைத் தடுக்காதா?

ஒளிக்கு அமுக்கம் உண்டு. பெருவிண்மீனின் ஒளி, விழுந்துவரும் வாயுவில் கலந்துள்ள தூசில் பட்டு அதை வெளியே தள்ளுகிறது. தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. திணிவு கூடும்போது ஈர்ப்பு அதே விகிதத்தில்தான் கூடும், ஒளியோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கூடும். ஆகையால் ஒரு கட்டத்தில் தள்ளுதல் இழுத்தலை வென்றுவிட வேண்டும். 1974இல் ஃபிரான்ஸ் கான் செய்த கணிப்பில் அந்த எல்லை நாற்பது சூரியத் திணிவு அளவில் வந்தது. அதற்கு மேல் விண்மீனே இருக்கக்கூடாது. ஆனால் இருக்கின்றன.

கணிப்பு பிழையில்லை, அதன் வடிவம்தான் பிழை. எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வாயு விழுகிறது என்று அது கொண்டது. உண்மையில் முகில் சுழல்கிறது. கோண உந்தம் காக்கப்படுவதால் விழும் வாயு நடுவில் நேராக வீழாமல் ஒரு தட்டாகப் பரவுகிறது. தட்டின் விளிம்பு வழியாகத் திணிவு உள்ளே வருகிறது. மேலும் கீழும் உள்ள துருவப் பக்கங்கள் வழியாக ஒளி வெளியே போகிறது.

வன்னியில் இதைச் சொல்ல நெடுநேரம் ஆகாது. மாரியில் குளம் நிரம்பி வழியும்போது வான்கதவைத் திறக்காவிட்டால் கட்டு உடையும். திறந்துவிட்டால் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் கட்டு நிற்கும். பெருவிண்மீனின் இரு துருவங்களும் வான்கதவுகள். அதுமட்டுமன்றி, இளம் விண்மீன்களின் துருவங்கள் வழியாகப் பீறிடும் வாயுத் தாரைகள் ஒளி பெருகுமுன்பே அந்த வழியைத் துளைத்து வைத்துவிடுகின்றன. வெள்ளம் வருமுன் கதவைத் திறந்துவைக்கும் நல்ல காவலாளி போல. 2009இல் மார்க் குரும்ஹோல்சும் உடனாய்வாளரும் முப்பரிமாணக் கணினி மாதிரியில், ஒளி அமுக்கத்தையும் சேர்த்துக்கொண்டே, 41, 29 சூரியத் திணிவுகள் கொண்ட ஓர் இரட்டையை உருவாக்கிக் காட்டினார்கள். ஓர் இரட்டை உருவானது என்பதைக் கவனியுங்கள்: பெருந்தட்டு தன் திணிவைத் தாங்காமல் உடைந்து துணைவிண்மீனைப் பெற்றது. உண்மையான வானத்திலும் பெருவிண்மீன்களில் பெரும்பாலானவை துணையோடுதான் வாழ்கின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, 'ஓ' வகை எனப்படும் மிக வெப்பமான பெருவிண்மீன்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டவை தம் வாழ்நாளில் துணையோடு திணிவைக் கொடுத்தோ வாங்கியோ தீரும் என்று கணித்தது.

மூன்றாம் கேள்வி: கூட்டம் காரணமா, விளைவா?

இரண்டாம் வரிக்கு இப்போது திரும்புவோம். பெரியவை ஏன் நடுவில் நிற்கின்றன? இங்கே இரண்டு விடைகள் நெடுநாளாக மோதிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் கட்சியை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

முதல் விடையை 2002, 2003ஆம் ஆண்டுகளில் கிறிஸ்டோபர் மெக்கீயும் ஜோனதன் ரானும் முன்வைத்தார்கள். கொந்தளிப்பினால் தாங்கப்பட்ட, அமுக்கம் மிகுந்த பெரிய முகிற்கரு ஒன்று முன்பே இருக்கிறது. அது உடையாமல் சுருங்கி ஒரு பெருவிண்மீனையோ ஓர் இரட்டையையோ தருகிறது. இது தனக்கென்று சொந்தமாக நீரேந்து பகுதி உடைய குளம் போன்றது. எவ்வளவு பெரிய நீரேந்து பகுதியோ அவ்வளவு பெரிய குளம். பக்கத்துக் குளத்தைப் பற்றிக் கவலையில்லை.

இரண்டாவது, 1997 முதல் இயன் பொனெலும் உடனாய்வாளரும் வளர்த்த போட்டித் திரட்டல் என்ற கருத்து. முகில் முதலில் சிறு கருக்களாகவே உடைகிறது. எல்லாரும் ஏறத்தாழச் சமமாகவே தொடங்குகிறார்கள். வாயுவோ பொதுச் சொத்து. கொத்தின் ஈர்ப்புப் பள்ளத்தின் அடியில் இருப்பவரை நோக்கி வாயு வழிந்து வருகிறது. வாங்கியவர் பெருக்கிறார், பெருத்தவர் மேலும் வாங்குகிறார். குளத்து மதகான துருசின் அடியில் வயல் வைத்திருப்பவனுக்கும் கடைமடையில் வயல் வைத்திருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். விதை ஒன்று, உழவு ஒன்று, வாய்க்காலும் ஒன்று. இடம் மட்டும் வேறு. சிறுபோகத்தில் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்குப் போயிருப்பவர் எவருக்கும் போட்டித் திரட்டலை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

எது சரி என்று கண்டுபிடிக்கும் வழி, விண்மீன் தோன்றுமுன் உள்ள நிலையைப் பார்ப்பது. முதல் விடை சரியானால் முப்பது சூரியத் திணிவு அளவில், உள்ளே இன்னும் ஒன்றும் எரியாத, குளிர்ந்த பெருங்கருக்கள் கிடைக்க வேண்டும். சிலியின் பாலைவனத்திலுள்ள ஆல்மா வானொலித் தொலைநோக்கி வரிசையால் இருண்ட 12 முகில் திரள்களை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில் 294 கருக்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் அப்படிப்பட்ட பெருங்கரு ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே, 2013இல், அதே தொலைநோக்கியால் நிக்கொலா பெரெத்தோவும் உடனாய்வாளரும் ஓர் இருண்ட முகிலின் இழைகள் நாலாபக்கத்திலிருந்தும் வந்து சந்திக்கும் நடுவில் 545 சூரியத் திணிவுள்ள ஒரு திரட்சியைக் கண்டார்கள். முகில் முழுவதும் அதை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. கனகராயன் ஆறும் அதன் கிளைகளும் இரணைமடுவுக்கு வருவதைப் படத்தில் பார்த்தவருக்கு இந்தக் காட்சி பழகியதாகவே தோன்றும்.

என் எண்ணத்தில் தராசு இரண்டாவது பக்கம் சாய்கிறது. ஆனால் பழைய வடிவத்தில் அன்று. கொத்தும் அதன் பெரிய விண்மீன்களும் ஒரே வேளையில், ஒரே வழிந்தோட்டத்தில் வளர்கின்றன. கூட்டம் காரணமா விளைவா என்ற கேள்விக்கு 'இரண்டும் ஒரே பயிர்' என்பதே இப்போதைக்குப் பொருந்தும் விடை. முதல் விடையின் தட்டும் தாரையும் அமுக்கமும் இதற்குள்ளும் தேவைப்படுகின்றன என்பதால் அதை எறிந்துவிடவும் முடியாது.

மூன்றாவது ஒரு விடையும் உண்டு: சிறு விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி ஒன்றாகிப் பெரிதாகின்றன என்பது. 1998இல் இது முன்வைக்கப்பட்டபோது, ஒளி அமுக்கத் தடைக்கு அது ஓர் அழகான மாற்றுவழியாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு ஒரு கன பார்செக்கில் பத்துக் கோடி விண்மீன்கள் வேண்டும். சற்றுமுன் நாம் எழுதிய எண் 20,000. மாணவரே வகுத்துப் பார்க்கட்டும். மிக அடர்ந்த ஓரிரு கொத்துகளின் மையத்தில் அபூர்வமாக நடக்கலாம், பொதுவழி ஆகாது.

நடுவில் நிற்பது பற்றி ஒரு எச்சரிக்கை. அங்கேயே பிறந்ததால் நடுவில் நிற்கின்றனவா, அல்லது வேறெங்கோ பிறந்து பின்னர் நடுவில் விழுந்தனவா என்று ஒரு சாதாரண தரப் பிள்ளை என்னிடம் கேட்டான்; ஆராய்ச்சியாளரும் இதையேதான் கேட்டார்கள். கனத்த விண்மீன்கள் மெதுவாக மையத்தை நோக்கி இறங்கும் என்பது உண்மை. ஓரியன் கொத்து அதற்குப் போதிய அகவை அடையவில்லை என்று 1998இல் பொனெலும் டேவிசும் வாதிட்டார்கள். ஆனால் கொத்து முதலில் சிறு குழுக்களாகச் சிதறிக் கிடந்து, விண்மீன்களின் வேகம் குறைவாக இருந்ததால் பின் ஒன்றாக விழுந்திருந்தால், ஒரு மில்லியன் ஆண்டிலேயே அது நடந்துவிடும் என்று 2009இல் வேறொரு குழு கணினி மாதிரியில் காட்டியது. ஆகவே நடுவில் நிற்பதை மட்டும் வைத்துப் போட்டித் திரட்டலை நிறுவிவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

தனியே நிற்பவற்றைத் தேடுதல்

இரண்டாம் இரவுக்கான வேலை, எதிர்ச்சான்று தேடுவது. கூட்டமில்லாமல் பெருவிண்மீன் பிறக்குமா? நம் பால்வீதியின் 'ஓ' வகை விண்மீன்களில் ஏறத்தாழ நான்கு சதவீதத்துக்கு மட்டுமே எந்தக் கொத்தோடும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று 2005இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. தனியே நிற்பவை பலவும் ஓடிப்போனவை.

அப்படி ஓடிப்போன இரண்டை நீங்களே பார்க்கலாம். வாளின் தென்முனையில் உள்ள ஒளிர்ந்த விண்மீன் ஐயோற்றா ஓரியனிஸ். அதைக் குறித்துக்கொண்டு, ஓரியனுக்குத் தெற்கே முயலையும் கடந்து புறா உடுத்தொகுதியில் மியூ கொலம்பே என்ற மங்கலான நீல விண்மீனைப் பைனாகுலரில் தேடுங்கள். பின்னர் வடக்கே திரும்பி, தேரோட்டி உடுத்தொகுதியில் ஏஈ ஆரிகே என்ற விண்மீனைத் தேடுங்கள். இரண்டும் ஒரே வகை. இரண்டும் ஏறத்தாழ செக்கனுக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுகின்றன. 1954இல் அட்ரியான் பிளாவும் வில்லியம் மோர்கனும் இதைக் கவனித்தார்கள். அவற்றின் பாதைகளைப் பின்னோக்கி வரைந்தால், ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுக்கு முன் ஐயோற்றாவும் இவை இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இரண்டு இரட்டைகள் நெருக்கத்தில் முட்டிக்கொண்டு, இரண்டு பேர் வெளியே எறியப்பட, மிஞ்சிய இருவர் ஐயோற்றாவாக இன்றும் ஒருவரையொருவர் சுற்றுகிறார்கள். மியூ கொலம்பே இன்று தன்னந்தனியே நிற்கிறது. தனியே பிறக்கவில்லை.

அதே இரவில் கார்த்திகையையும் பாருங்கள். அதுவும் கொத்துத்தான், ஆனால் நூறு மில்லியன் ஆண்டைக் கடந்தது. வாயு முகில் கலைந்துவிட்டது; மிகப் பெரிய விண்மீன்கள் ஏதும் இருந்திருந்தாலும் அவை எப்போதோ வெடித்து முடிந்திருக்கும். பிறந்த வீட்டையும் காலியான வீட்டையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம்.

தென் அடிவானம்

கடைசியாக ஒன்று, இது வட நாடுகளில் இருப்போருக்குக் கிடைக்காதது. ஓரியனின் வாள் உச்சத்தைக் கடக்கும் அதே நிமிடங்களில், நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 11, 12 பாகை உயரத்தில், பெரிய மகெல்லன் முகில் என்ற அயல் விண்மீன் மண்டலத்தில் உள்ள தறந்துலா நெபுலாவும் உச்சத்தைக் கடக்கிறது. அதன் நடுவில் ஆர்136 என்ற கொத்து இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு. அதிலுள்ள ஒரு விண்மீனின் திணிவை 2010இல் 265 சூரியத் திணிவு என்று மதிப்பிட்டார்கள். கூர்மையான படங்கள் கிடைத்தபின் 2022இல் அது 200க்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. இறங்கியும் ஃபிரான்ஸ் கான் கணித்த நாற்பது என்ற எல்லைக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதே மகெல்லன் முகிலில், ஒரு பெரிய இளம் விண்மீனைச் சுற்றிச் சுழலும் தட்டை ஆல்மா பிடித்துக் காட்டியது 2023இல். நம் பால்வீதிக்கு வெளியே கண்ட முதல் தட்டு அது.

இரணைமடுவில் நீர் கட்டுக்குத் தெற்கே விரிந்து கிடப்பதால் அந்தப் பக்கத்தில் மரமோ வீடோ மறைக்காது. வாள் உச்சத்துக்கு வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே பைனாகுலரை முழங்கால்மீது ஊன்றிக்கொண்டு, நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்துக்குச் சற்று மேலே, நேர் தெற்கே மெல்ல வருடிச் செல்லுங்கள். ஒரு மங்கிய திட்டும், அதன் ஓரத்தில் சற்று அழுத்தமான ஒரு துளியும் தெரிந்தால் அதுதான். பெரும்பாலும் நீர்மேல் படியும் பனி அதை விழுங்கிவிடும். என் குறிப்பேட்டில் ஏழு ஆண்டுகளுக்கு இரண்டே இரண்டு பதிவுகள்தான் இருக்கின்றன. இரண்டும் முந்திய பகல் மழை பெய்து தூசு அடங்கிய இரவுகள்.